இடப்பக்கம் சாயும் புல்

குட்டிக்கு வயது நாற்பத்து நான்கு. காதோரம் நரைத்துவிட்டது, படிக்கக் கண்ணாடி வந்துவிட்டது, மாடிப்படி ஏறினால் முழங்கால் முனகுகிறது. ஆனாலும் அவள் குட்டிதான். அக்கா வைத்த பெயர். பால்காரரும் தபால்காரரும் அடுத்த வீட்டுக் குழந்தைகளும்கூட அப்படியே கூப்பிட, அவளும் திரும்பிப் பார்த்துப் பழகிவிட்டாள்.

அக்காவின் பெயர் வேறு மாதிரி. அது புத்தக அட்டையில் அச்சாகும் பெயர். குழந்தை உள்ள வீடுகளில் அதைத் தெரியாதவர்கள் குறைவு. குடை பிடித்துக்கொண்டு கடிதம் கொடுக்கும் தவளை, காளான் வீட்டுக்கு வெள்ளையடிக்கும் முள்ளெலிக் குடும்பம், தினமும் மாலையில் ஏணி போட்டு ஏறி நிலாவைத் துடைத்து வைக்கும் சுண்டெலி, இவையெல்லாம் அக்காவின் பிள்ளைகள். எல்லாம் நீர்வண்ணத்தில் வரைந்தவை. ஒவ்வொரு படத்திலும் எங்கோ ஒரு மூலையில் ஒரு நத்தை ஒளிந்திருக்கும். பிள்ளைகள் மூக்கைத் தாளில் உரசிக்கொண்டு அதைத் தேடும். அதுதான் அக்காவின் கையெழுத்து.

இந்தக் கதையில் ஒரே ஒரு ரகசியம் உண்டு, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசிப் பதினோரு வருடங்களாக வந்த புத்தகங்களில் அக்கா ஒரு இலைகூட வரையவில்லை. தவளையைப் போட்டதும் குட்டி, காளானைப் போட்டதும் குட்டி, அந்த நத்தையைப் போட்டதும் குட்டி. இது தெரிந்தவர்கள் மூன்று பேர். அக்கா, அக்காவின் கணவரான அத்தான், குட்டி.

அக்கா இடக்கைக்காரி. அந்த இடக்கைதான் முதலில் மோசம் செய்தது. தேநீர்க் கோப்பை தட்டில் கிணுகிணுவென்று ஆடியபோது யாரும் கண்டுகொள்ளவில்லை. பிறகு பிரஷ் ஆடியது. நரம்புக் கோளாறு, உயிருக்கு ஒன்றுமில்லை, ஆனால் போகவும் போகாது என்று டாக்டர் கைகழுவிவிட்டார். அப்போது ஒரு புத்தகத்தில் இரண்டு படங்கள் பாக்கி. அச்சகம் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. குட்டி அப்போது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்துக்கொண்டு, வீட்டுக்கு வந்தால் அக்காவுக்குத் தாள் சுருங்காமலிருக்க நனைத்துப் பலகையில் ஒட்டிக் கொடுப்பாள், வண்ணம் கலப்பாள், பிரஷ் கழுவுவாள். சும்மா இருக்கும் நேரத்தில் அக்காவைப் பார்த்து ஓரமாகக் கிறுக்குவாள். நன்றாகவே கிறுக்குவாள்.

“ரெண்டே ரெண்டு படம்டி குட்டி. இந்த ஒரு தடவை” என்றாள் அக்கா.

அந்த ஒரு தடவைதான் பதினோரு வருடமாக முடியாமல் நடக்கிறது. கண்ணாடிக் கடை வேலை இரண்டாவது புத்தகத்தோடு போயிற்று.

மற்றதெல்லாம் அவளுக்குக் கைவந்துவிட்டது, புல்தான் வரமாட்டேன் என்றது. அக்காவின் படங்களில் புல் நிறைய. நீள முடி வைத்த மெல்லிய பிரஷை வேரிலிருந்து மேலே ஒரே விசிறலில் இழுத்துவிடுவாள். நுனி தானாக இடப்பக்கம் வளைந்து சன்னமாகி மறையும். இடக்கைக்காரர் விசிறினால் புல் அப்படித்தான் சாயும். வலக்கைக்காரியான குட்டி விசிறினால் நுனி வலப்பக்கம் போய் நின்றது. வேண்டுமென்றே இடப்பக்கம் வளைத்தாலோ, ஒவ்வொரு புல்லும் கோபித்துக்கொண்டு திரும்பி நிற்பதுபோல விறைத்தது. நனைத்து ஒட்டிய தாள்கள் ஐந்து பாழாயின. கடைசியில் அக்காதான் வழி கண்டாள். வண்ணம் நன்றாகக் காயட்டும், பிறகு பலகையைக் கால் சுற்று திருப்பி வைத்துக்கொண்டு உன் இஷ்டத்துக்கு விசிறு என்றாள். குட்டி விசிறினாள். பலகையை நேராக்கிப் பார்த்தால் புல்லெல்லாம் இடப்பக்கம் சாய்ந்து, அக்கா போட்டது போலவே நின்றது. அன்று இருவரும் சிரித்த சிரிப்பில் அத்தான் சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தார்.

அத்தான் நல்ல மனிதர், தொந்தரவு இல்லாதவர். ஆனால் பூதக்கண்ணாடி ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படத்தையும் உறையில் போடுமுன் புல்லைப் பரிசோதிப்பார். எல்லாம் இடப்பக்கம் என்றால் தலையை ஆட்டுவார். குட்டி அவருக்குப் புல் இன்ஸ்பெக்டர் என்று மனதுக்குள் பட்டம் கொடுத்திருந்தாள்.

வீட்டின் முன்னறையில் ஜன்னலை ஒட்டி ஒரே மேசை. அதில் இரண்டு தண்ணீர் ஜாடிகள், ஒன்று அழுக்குக் கழுவ, ஒன்று சுத்தமாக. மேசைக்கு வலப்புறம் கைப்பிடி வைத்த நாற்காலியில் அக்கா. இன்றைக்குத் தவளைக்கு விடுமுறை, ஆனால் அதற்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை என்று ஆரம்பிப்பாள். குட்டி வரைவாள். அக்காவுக்குக் கற்பனை வற்றவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கை போன பிறகு கதை இன்னும் பெருகியது. காலை ஒன்பதிலிருந்து வெளிச்சம் இறங்கும்வரை அந்தக் கதையைக் கேட்டுக்கொண்டு, அந்த இரண்டு ஜாடிகளைப் பார்த்துக்கொண்டு, குட்டியின் முப்பதுகள் போயின.

யாராவது பூட்டி வைத்திருந்தால் உடைத்துக்கொண்டாவது போயிருக்கலாம். இங்கே பூட்டே இல்லை. வாசல் கதவு பகல் முழுக்க ஆவென்று திறந்துதான் கிடக்கும். ஒருமுறை ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியர் வேலைக்கு ஆள் கேட்டார்கள். போகட்டுமா என்று குட்டி கேட்டாள். அத்தான் உண்மையாகவே யோசித்துவிட்டு, உனக்கு வரையத் தெரியும் என்று எதைக் காட்டுவாய் குட்டி என்றார். அவர் வம்புக்குக் கேட்கவில்லை. காட்ட ஒன்றும் இல்லைதான். உலகக் கணக்கில் அவள் இதுவரை ஒரு படம்கூட வரையவில்லை. இன்னொரு நாள் அடுத்த வீட்டுப் பெண் குழந்தை, குட்டியே போன வருடம் வரைந்த புத்தகத்தைக் குட்டியிடமே விரித்துக் காட்டி, உங்களுக்கு உங்க அக்கா மாதிரி வரைய வராதா என்று கேட்டது. வராது கண்ணு என்றாள். சொல்லிவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

அவளுக்கென்று ஒரே ஒரு படம் மனதில் இருந்தது. ஒரு மாபெரும் கரடி குப்புறப் படுத்திருக்கிறது. படுத்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அதன் முதுகு ரோமமெல்லாம் புல்லாகி, அந்தப் புல்லில் ஒரு சின்ன ஊரே குடியேறிவிட்டது. பள்ளிக்கூடம், மணிக்கூண்டு, கொடியில் காயும் துணிகள். யாரோ கிணறு தோண்டுகிறார்கள், கரடிக்குக் கூசுகிறது. அதற்கு ஒரு ஆசைதான், ஒருக்களித்துப் புரண்டு படுக்க வேண்டும். ஆனால் புரண்டால் பள்ளிக்கூடம் என்னாவது? அதனால் ஒரு கண்ணை மட்டும் திறந்து, மூச்சைக்கூட மெல்ல விட்டுக்கொண்டு கிடக்கிறது. பாத்திரம் கழுவும்போதெல்லாம் குட்டி இந்தக் கரடியோடு இருப்பாள். தாளில் போட்டதில்லை. அந்த மேசையில் அதற்கு இடம் ஏது?

அப்போதுதான் அந்த எடிட்டர் வந்தாள். பதிப்பகத்துக்குப் புதிதாகச் சேர்ந்தவள், கிராப்பு வெட்டிய தலை, அகலமான தட்டைப் பை. அக்காவை நேரில் பார்க்க வேண்டும் என்று சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். அக்கா மடியில் போர்வையை இழுத்துக் கையை மறைத்துக்கொண்டாள். கை சுளுக்கிக்கொண்டது என்று அத்தான் முந்திக்கொண்டு சொன்னார், யாரும் கேட்கவேயில்லை. எடிட்டர் தேநீர் குடித்தாள், தவளையைப் பற்றி நிறையப் பேசினாள், கிளம்பினாள். வழியனுப்ப வந்தவள் குட்டி. வெளிக்கதவருகே எடிட்டர் பையிலிருந்து போன மாதம் இங்கிருந்து போன படத்தை எடுத்து, நத்தைக்குப் பக்கத்தில் விரலை வைத்தாள். அங்கே ஐந்தே ஐந்து புல் வலப்பக்கம் சாய்ந்து நின்றன.

குட்டிக்கு உடனே நினைவு வந்தது. நத்தையைக் கடைசியாக வைக்கும்போது தொலைபேசி விடாமல் அடித்தது. அவசரத்தில் பலகையைத் திருப்பாமலே ஒரு கொத்து விசிறிவிட்டு ஓடினாள். புல் இன்ஸ்பெக்டரும் அன்று கோட்டைவிட்டிருக்கிறார்.

“நானும் இடக்கைதான். சின்ன வயசுல இந்தப் புத்தகங்களைப் பாத்துத்தான் புல் போடக் கத்துக்கிட்டேன். இந்த அஞ்சும் இடக்கை போட்டது இல்ல. உங்க வலக்கை நகத்துல பச்சை ஒட்டியிருக்கு” என்றாள் எடிட்டர்.

குட்டி வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“பயப்படாதீங்க, நான் யார்கிட்டயும் சொல்லப்போறதில்ல. உங்களுக்குன்னு ஒரு புத்தகம் தர முடியும்னு நினைக்கறேன். ஒரே ஒரு படம் போட்டு அனுப்புங்க, மாசக் கடைசிக்குள்ள. ஆனா அதுல உங்க அக்கா எங்கயும் தெரியக்கூடாது. இன்னொரு அக்கா எங்களுக்கு வேண்டாம்.”

மாதக் கடைசிக்கு இருபது நாள் இருந்தது. ஐந்து நாள் குட்டி திருட்டு முழி முழித்துக்கொண்டு திரிந்தாள். சாப்பாட்டில் உப்பு இல்லை, அழுக்கு ஜாடித் தண்ணீரை ஒருமுறை குடிக்கவே போய்விட்டாள். ஆறாம் நாள் பிரஷ் கழுவிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல், அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

அக்கா போர்வையை இன்னும் மேலே இழுத்துக்கொண்டாள். அதற்குள் கை ஆடுவது தெரிந்தது.

“அப்ப இத்தனை வருஷமா போட்டதெல்லாம் யாரோடது?” என்று கேட்டாள்.

குட்டிக்கு உண்மையிலேயே தெரியவில்லை. தெரியவில்லை என்றுதான் சொன்னாள். சொன்னபோது அக்காமீது பொத்துக்கொண்டு கோபம் வந்தது, அடுத்த நொடியே அந்தக் கோபத்துக்கு வெட்கமாகவும் இருந்தது.

மறுநாள் காலை அவள் முன்னறைக்கு வந்தபோது அக்காவின் நாற்காலி இடம் மாறியிருந்தது. மேசையிலிருந்து தள்ளி, சுவரைப் பார்த்துப் போட்டுக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தாள். முதுகுதான் தெரிந்தது. மேசை உன்னோடது, முடிகிறவரை நான் திரும்ப மாட்டேன், பேசவும் மாட்டேன் என்றாள். பாதியில் நிற்கும் புத்தகம் என்னாவது என்று அத்தான் வாயெடுத்தார். அக்கா சுவரைப் பார்த்தபடியே ஒரு அதட்டுப் போட்டாள். அவர் அடங்கிவிட்டார்.

நான்கு நாள் வரைந்தாள். தாளை நன்றாக நனைத்து, வானத்தை ஈரத்திலேயே கரையவிட்டாள். நீர்வண்ணத்தில் வெள்ளைக்கு என்று வண்ணம் பூசுவதில்லை. வெள்ளை வேண்டிய இடத்தில் தொடாமல் விட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். ஊரின் அடுப்புப் புகையையும் கரடியின் மூச்சையும் அப்படித் தொடாமல் விட்டாள். மணிக்கூண்டின் நிழலில் நீலம் கொஞ்சம் பரவிப்போயிற்று, அதுவும் அழகாகத்தான் இருந்தது. நத்தை வைக்கவில்லை. நான்காம் நாள் புல். கரடியின் முதுகு முழுக்கப் புல்தான், ஆயிரக்கணக்கில். கை பறந்தது. பதினோரு வருடத்தில் முதல்முறையாக அவள் வேலை செய்துகொண்டே பாடினாள். சுருதி சேரவில்லை, ஆனால் பாடினாள். சுவரைப் பார்த்திருந்த முதுகு அந்தப் பாட்டுக்கு லேசாக அசைந்ததுபோலக்கூட இருந்தது.

முடித்ததும் அக்காவைத் திரும்பச் சொன்னாள். அக்கா எழுந்து வந்து பார்த்தாள். முதலில் அவள் கண் நத்தையைத் தேடியது. மூலை மூலையாகத் தேடியது.

“நத்தை இல்ல” என்றாள்.

“இல்லக்கா.”

அக்கா தலையை ஆட்டினாள். பிறகு கரடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். நல்லா இருக்கு, ரொம்ப நல்லா இருக்கு என்றாள். ஏனோ குட்டியின் முகத்தைப் பார்க்கவில்லை. அப்போது வெளியே போயிருந்த அத்தான் உள்ளே வந்தார். வழக்கம்போலக் கை தானாகப் பூதக்கண்ணாடியைத் தேடி எடுத்தது. குனிந்து பார்த்தார்.

“அசல் அக்கா புல்லு. ஒண்ணுகூடத் தப்பல” என்றார், மனதாரப் பாராட்டி.

குட்டி அப்போதுதான் கவனித்தாள். அவள் நிற்பது மேசையின் பக்கவாட்டில். அங்கிருந்து பார்த்தால்தான் ஊர் நேராகத் தெரிந்தது. பலகை கால் சுற்று திரும்பிக் கிடந்தது. எப்போது திருப்பினாள்? அவளுக்கு நினைவே இல்லை. காலையில் உட்கார்ந்தது தெரியும், பாடியது தெரியும். கை தன் பாட்டுக்குப் பலகையைத் திருப்பிவிட்டு வேலையைப் பார்த்திருக்கிறது. கரடியின் முதுகில் ஆயிரம் புல்லும் இடப்பக்கம் சாய்ந்து, இதுவரை அவள் போட்ட பதினான்கு புத்தகங்களிலும் நின்றதுபோலவே நின்றன. அக்கா பார்த்தவுடனே கண்டுகொண்டிருக்கிறாள், சொல்ல மனம் வரவில்லை.

குட்டி தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகைகூட வரவில்லை. இனி எங்கே போனாலும் இந்தக் கையைத்தானே தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்று மட்டும் நினைத்தாள்.

“இன்னும் பத்து நாள் இருக்கு. எந்திரி. வேற தாள் நனை” என்றாள் அக்கா.

நனைத்தாள். இந்த முறை பலகையின் நான்கு மூலையையும் மேசையோடு சேர்த்துப் பட்டையாக நாடா ஒட்டினாள். வானம் வந்தது, ஊர் வந்தது, மணிக்கூண்டு வந்தது. புல் தொடங்கியது. பத்துப் புல் போட்டிருப்பாள், அக்கா கனைத்தாள். நிமிர்ந்து பார்த்தால், பலகை திரும்ப முடியாததால் குட்டியே எழுந்து மேசையைச் சுற்றிக்கொண்டு வலப்புறம் போய் நின்று விசிறிக்கொண்டிருந்தாள். அத்தானுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அக்கா முறைத்ததும் இருமலாக மாற்றிக்கொண்டு வெளியே போனார். குட்டியும் சிரித்தாள். சிரித்து முடிக்கும்போது கண் நிறைந்திருந்தது.

அந்தப் பத்துப் புல்லை ஈரப் பிரஷால் தேய்த்து எடுத்தாள். தன் இடத்திலேயே உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு வேறொரு துண்டுத் தாளில் போட்டுப் பார்த்தாள். ஐந்தாவது புல்லில் கால் தானாக எழுந்தது, கை பலகையின் நாடாவைப் பிய்த்துப் போட்டிருந்தது.

“நான் இந்தப் பக்கம் உக்காந்துக்கறேன். உன்னை வரவும் விடமாட்டேன், பலகையைத் திருப்பவும் விடமாட்டேன்” என்றாள் அக்கா. நாற்காலியை இழுத்து மேசையின் வலப்புறத்தை அடைத்துப் போட்டுக்கொண்டு, பலகையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

குட்டி விசிறினாள். நுனி வலப்பக்கம் போயிற்று. அடுத்ததும் வலப்பக்கம். ஆனால் அக்காவின் இடக்கை ஆடியது. அந்த ஆட்டம் பலகைக்கு வந்தது, பலகையிலிருந்து பிரஷுக்கு வந்தது. ஒவ்வொரு புல்லின் நடுவிலும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு நெளிவு விழுந்தது. பத்துப் புல்லில் அது பிழை போலிருந்தது. நூறு புல் ஆனபோது கரடியின் முதுகு லேசாக ஏறி இறங்குவதுபோலத் தெரிந்தது.

கையை எடு அக்கா என்று ஒரு சொல் சொன்னால் போதும். குட்டியின் வாய்வரை வந்தது. ஆனால் அக்கா கையை எடுத்தால் பலகை திரும்பிவிடும். தவிர, பதினோரு வருடத்துக்குப் பிறகு அக்காவின் கை தாளுக்கு இவ்வளவு பக்கத்தில் வந்திருக்கிறது. அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆட்டத்தை அடக்கப் பார்த்தாள். முகமெல்லாம் வியர்த்திருந்தது. அடக்க அடக்க அதிகமாக ஆடியது. குட்டி ஒன்றும் சொல்லாமல் புல் போட்டுக்கொண்டே போனாள்.

அத்தான் உறையில் போட்டு அனுப்பினார். இந்த முறை பூதக்கண்ணாடி எடுக்கவில்லை.

பதில் இரண்டு வாரத்தில் வந்தது. குட்டியின் நிஜப் பெயருக்கு அந்த வீட்டில் வந்த முதல் கடிதம், தபால்காரருக்கே ஒரு நொடி யாருக்கு என்று புரியவில்லை. அவள் வாசல் படியில் நின்றபடியே படித்தாள். பிறகு உள்ளே வந்து அக்காவுக்கு உரக்கப் படித்துக் காட்டினாள். கரடி மூச்சு விடுவது தெரிகிறது என்று எடிட்டர் எழுதியிருந்தாள். இப்படி ஒரு புல்லை நான் எங்குமே பார்த்ததில்லை. இது முழுக்க உங்களுடைய கை. உங்கள் அக்கா இதில் எங்குமே இல்லை. புத்தகம் உங்களுக்குத்தான், அட்டையில் உங்கள் பெயர். மொத்தம் பன்னிரண்டு படங்கள் வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை, பன்னிரண்டிலும் இதே புல் இருக்க வேண்டும். நன்றாக விற்றால் வருடத்துக்கு ஒன்று போடலாம்.

அத்தான் கைதட்டினார். குட்டி கடிதத்தை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தது, அதில் பொய்யில்லை. அட்டையில் பெயர் என்ற வார்த்தையை மனதுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். அதே நேரத்தில் நெஞ்சுக்குள் ஏதோ மெல்லச் சாத்திக்கொண்டதும் தெரிந்தது.

அக்கா எழுந்தாள். நாற்காலியை மேசையின் வலப்புறத்துக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வெறும் பலகையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். எத்தனையோ வருடமாகப் பார்க்காத வெளிச்சம் அவள் முகத்தில் இருந்தது.

“பன்னெண்டு தானே. தாளை நனைடி” என்றாள்.

வாசல் கதவு எப்போதும்போல ஆவென்று திறந்து கிடந்தது. குட்டி இரண்டு ஜாடிகளையும் எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்க உள்ளே போனாள்.